காலருக்குள்ளே வீடு

போன மாதம் அனிதா போன் செய்தாள். பெரார்கஞ்ச் பக்கத்தில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்த பள்ளியில் இப்போது அவள்தான் உடற்கல்வி ஆசிரியை.

"மேம், யூனிஃபார்ம் ரூல் எல்லாத்தையும் மாத்தி எழுதப் போறாங்க. கமிட்டியில என்னையும் போட்டிருக்காங்க. உங்க காலத்துல காலர் ரூல்னு ஒண்ணு இருந்துச்சாமே, அதை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்களேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஒரு பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் எழுத முடியாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போர்ட் பிளேரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லம்பா லைனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன்கள் இரண்டு பேரும் மெயின்லேண்டில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசாங்க வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்தவர். நான் போர்ட் பிளேரில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி. விசில் ஊதவும், வரிசை பிரிக்கவும், சுளுக்குக்குக் கட்டுப் போடவும் அங்கே கற்றுக்கொண்டேன். சீருடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த மறுநாளே என்னைக் கொண்டுபோய்க் கேட்டில் நிறுத்தினார்கள். பி.டி. டீச்சர் என்றால் காலையில் கேட்டில் நின்று டிரஸ் பார்க்க வேண்டும். எழுதாத சட்டம் அது.

அந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. கேட்டின் இடது பக்கம் நிற்க வேண்டும். பிள்ளைகள் ஒற்றை வரிசையில் வர வேண்டும். பார்வை கீழிருந்து மேலே போக வேண்டும்: ஷூ, சாக்ஸ், சல்வார் ஓரம், நகம், பெல்ட், துப்பட்டா பின், காலர், கடைசியில் தலைமுடி. முகத்தை முதலில் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. அழுதிருக்கிறானா, சாப்பிட்டிருக்கிறாளா என்று மனசு போய்விடும், ஷூ தெரியாது. முகத்தைப் பார்க்காமல் ஒரு பிள்ளையை நாலு நொடியில் முடிக்க நான் பழகிக்கொண்டேன். தவறு இருந்தால் ரெஜிஸ்டரில் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். எங்கள் தீவில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. மழை நாளில் கறுப்புச் செருப்புக்கு அனுமதி. பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சேறு மன்னிப்பு. அதெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது.

இந்த வேலை பார்த்தவர்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை, தேடி வருவதும் இல்லை. கணக்கு டீச்சரைப் பஜாரில் பார்த்தால் காலில் விழுகிறார்கள். என்னைப் பார்த்தால் முப்பது வயது ஆள்கூடச் சட்டை பட்டனைத் தடவிக்கொண்டே எதிர்ப்பக்கம் போகிறான்.

பெரார்கஞ்ச் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம், ஆறாம் வகுப்பு சபீனாவின் கழுத்தில் கறுப்புக் கயிறு தொங்கியது. கயிற்றில் ஒரு சின்னத் தகர டப்பி. தாயத்து. கழுத்தில் எதுவும் போடக்கூடாது என்பது அப்போது விதி. முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதைத் தவறென்று நினைக்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். மலப்புறத்திலிருந்து எப்போதோ வந்து குடியேறிய குடும்பம். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், கையில் கிரீஸ் கறை. சண்டை போடுவார் என்று நினைத்தேன். "மேடம், வோ தாகா வாபஸ் தே தீஜியே. அந்தக் கயிறத் திருப்பிக் குடுங்க. அதுக்குள்ள ஓதின காகிதம் இருக்கு. மண்ணுல கிடக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரும் குப்பைத் தொட்டியில் கை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் வந்தார். ஹால்தார் சார். வங்காளத்திலிருந்து குடியேறிய விவசாயியின் மகன். ஒல்லியான, உயரமான மனிதர். அரைக்கைச் சட்டைதான் போடுவார், கழுத்துப் பட்டன் எப்போதும் மாட்டியிருக்கும். எந்தப் பிள்ளையையும் தொட்டுத் திருத்த மாட்டார். ஒரு கை தூரத்தில் நின்று, "பேட்டா, ஊப்பர் கா பட்டன்" என்று மேல் பட்டனை மாட்டச் சொல்வார். அது மாட்டப்படும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார். அன்றைக்கு எங்களை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பழைய செய்தித்தாளை எடுத்துவந்து தரையில் விரித்து, தொட்டியைத் தூக்கி அதில் கவிழ்த்தார். பென்சில் சீவல்களுக்கு நடுவில் தாயத்து கிடைத்தது. சபீனாவின் அப்பா அதைச் சட்டையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அப்புறம் ஹால்தார் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வந்தது. டீ குடித்து முடியும்வரை பேச மாட்டார், அது அவர் வழக்கம். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மை பேனாவைத் திறந்து, "பிள்ளைகள் கழுத்தில் என்னென்ன வருகிறது, சொல்லுங்கள்" என்றார் ஹிந்தியில். சொன்னேன். தாயத்து, சிலுவை, ருத்ராட்சம், மலைக்கு மாலை போடுகிறவர்களின் துளசி மணி, ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகளின் பழைய நாணயம், திருஷ்டிக் கயிறு. எல்லாவற்றையும் எழுதினார்.

"இதில் எது உங்கள் வீட்டில் உண்டு?"

"திருஷ்டிக் கயிறு, சார்."

"அதை எத்தனை பேருக்கு அறுத்தீர்கள்?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அந்தத் தாளின் அடியில் விதியை எழுதினார். காலர் கே அந்தர் கர், காலர் கே பாஹர் ஸ்கூல். காலருக்குள்ளே இருப்பது வீடு, வெளியே இருப்பது பள்ளிக்கூடம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசிரியர் கேட்கக்கூடாது. தலைக்கு முக்காடு போடுகிறவர்கள் வெள்ளைத் துணியில், பின் குத்தி வரலாம். தலைப்பாகை கட்டுகிறவர்கள் நீலத்தில் கட்டலாம். விரதம் இருந்து செருப்பில்லாமல் வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் போதும்.

அந்த விதி நன்றாகவே வேலை செய்தது. அதற்குப் பிறகு கேட்டில் எந்தத் தகப்பனும் வந்து நிற்கவில்லை. வேறு பள்ளிகளிலிருந்தும் எழுதி வாங்கிப் போனார்கள். எழுதியவர் அவர்தான் என்றாலும், நாளாக நாளாக, அது என்னுடைய விதி என்றே ஒரு பெருமை எனக்குள் வந்துவிட்டது.

யோகேஸ்வரி எட்டாம் வகுப்பில் எங்களிடம் சேர்ந்தாள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். தாத்தா காலத்தில் கச்சால் தீவில் ரப்பர் வெட்ட வந்தவர்கள், பிறகு பெரார்கஞ்சுக்கு வந்து ஒரு பாக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அவளுடைய துப்பட்டா எப்போதும் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும். காலர் பட்டன் திறந்திருக்கும். ரெஜிஸ்டரில் அவள் பெயர் இல்லாத மாதம் கிடையாது. ஆனால் ஓடுவாள். நானூறு மீட்டரில் கடைசி வளைவு வரை நாலாவதாக வந்து, அங்கே தலையைக் கொஞ்சம் சாய்த்து எல்லோரையும் தாண்டுவாள். தீவுகளுக்கிடையிலான போட்டியில் பத்தாம் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். அடுத்த வருடம் முதலாவதாக வருவாள் என்று நான் எழுதியே வைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, மே மாத லீவில் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்குப் போனார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டிருந்தது. வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னாள். ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். துப்பட்டா மடிப்பில் இரண்டு பக்கமும் பின். பின்னல் இறுக்கம். காலர் பட்டன் மாட்டியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடத்தான் வரவில்லை. "கால் வலி மேம்" என்றாள். விளையாட்டு டீ-ஷர்ட்டைக் கொடுத்தபோது, "வேணாம் மேம், கழுத்து எறங்கியிருக்கு" என்று திருப்பித் தந்தாள். வயசு வந்த பிள்ளை, கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை பிரேயரில் அவளை மேடைக்குக் கூப்பிட்டேன். எழுநூறு பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, "ஐஸா ஆனா சாஹியே. இப்படித்தான் வரணும்" என்றேன். கை தட்டச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள்தான் பெண்கள் பக்கத்து டிரஸ் மானிட்டர்.

ஆகஸ்டில் காலர் ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. எங்கள் பள்ளியின் வெளிர் நீலக் கமீஸில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். "மானிட்டரே இப்படி வரலாமா? சோப்புப் போட்டுக் கசக்கு" என்றேன். கசக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் கறை. இரண்டாவது குறி போட்டேன். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. மானிட்டருக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று பேச்சு வரக்கூடாதே என்று, அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிச் சீட்டு அனுப்பினேன்.

அவள் அம்மா மறுநாளே வந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், முந்தானையில் பாக்குத் தூசி. விளையாட்டுச் சாமான் அறையில் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் ரெஜிஸ்டரைத் திறந்து, "காலரைப் பாத்தீங்களா" என்று ஆரம்பித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், பேருக்குத்தான் கட்டி வச்சிருக்கு. சத்தியமா. புள்ள எங்ககூடதான் இருக்கா."

எனக்குப் புரியவில்லை. "என்ன கட்டி வச்சிருக்கு?"

அவரும் ஒரு நிமிடம் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அழ ஆரம்பித்தார்.

"அவ அப்பாவுக்கு முடியலைங்க டீச்சர். கூடலூர்ல அவரு தங்கச்சி இருக்கு. அண்ணன் கண்ண மூடுறதுக்குள்ள முடிச்சிரணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. அதோட மகன்தான் மாப்பிள்ள. நல்ல பையன், குடி கிடையாது. லீவுக்குப் போனப்ப கோயில்ல வச்சுத் தாலி கட்டியாச்சு. பன்னெண்டு முடிச்சாத்தான் அனுப்புவோம்னு பேசியிருக்கு. நீங்க வெளிய சொல்லிட்டா போலீசு வரும். அவரு அதுலயே போயிருவாரு."

மஞ்சள் கறை எதனால் வந்தது என்று அப்போது விளங்கியது. கழுத்தில் புதுத் தாலிக் கயிறு. தீவின் ஈரத்திலும் வேர்வையிலும் மஞ்சள் இறங்கியிருக்கிறது. கூச்சம் என்று நினைத்தேனே, கால் வலி என்றாளே, பட்டனைக் கழுத்து வரை மாட்டினாளே. மேடையில் நிறுத்திக் கை தட்டச் சொன்னேனே.

அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது. சட்டம் எனக்குத் தெரியும். உடனே பிரின்சிபாலிடம் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. அந்த அம்மாவின் அழுகை ஒரு காரணம். படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உள்ளே என்ன என்று கேட்கக்கூடாது என்ற விதி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

"பன்னெண்டு முடியற வரைக்கும் எங்கேயும் அனுப்பக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றேன். அவர் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிறகு நான் சொன்னதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. "மஞ்சக் கயிறு வேணாம். மெல்லிசா ஒரு செயின்ல கோத்துப் போடுங்க. காலர் அழுக்காகாது."

"வருசம் திரும்பாம கயித்த மாத்தலாமா டீச்சர்?"

"மாத்துங்க. ஒண்ணும் ஆகாது."

மாற்றினார்கள். கறை போய்விட்டது. ரெஜிஸ்டரில் மூன்று குறிகளையும் அடித்து நீக்கினேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் யோகேஸ்வரி தினமும் என் முன்னால் நடந்து உள்ளே போனாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவளை நான் ஒரு நாளும் தனியாகக் கூப்பிடவில்லை. ஷூவிலிருந்து காலர் வரை பார்ப்பேன், "போ" என்பேன். அவளும் போவாள்.

டிசம்பரில், லீவு விடுவதற்கு இரண்டு நாள் முன்னால், அவளுடைய வகுப்புத் தோழி மௌஷுமி மைதானத்தில் என்னிடம் ஓடிவந்தாள். "மேம், யோகா ஜா ரஹீ ஹை. கல் கா ஜஹாஸ். நாளைக்குக் கப்பல்ல போறா. அவளோட அத்தை வந்திருக்காங்க. இனிமே வரமாட்டாளாம். புக்கெல்லாம் எனக்குக் குடுத்துட்டா" என்றாள். கையில் யோகேஸ்வரியின் புத்தகங்கள் இருந்தன, அட்டை போட்டு, பெயர் எழுதியது.

நான் நேராக ஹால்தார் சாரின் அறைக்குப் போனேன். டீ வரும்வரை காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன்.  முடிந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை மாதமாகத் தெரியும்?"

"நாலு மாசம், சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீங்களே எழுதின விதிதான சார், காலருக்குள்ள இருக்கறதைக் கேக்கக்கூடாதுன்னு" என்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவான அந்த ஹிந்தியில் சொன்னார்: "மேடம், பிள்ளைகள் நம்மிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்று அதை எழுதினேன். நாம் பிள்ளைகளிடமிருந்து தப்பிக்க எழுதவில்லை."

பிறகு மை பேனாவைத் திறந்து, குழந்தை நல அலுவலருக்குக் கடிதம் எழுதினார். எனக்குத் தெரியவந்த நாளையும் அதில் எழுதினார். "இதை விட்டுவிட்டு எழுத முடியாது" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஹாடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பலுக்கு வரிசை நின்றது. அலுவலரும் சாதாரண உடையில் ஒரு பெண் போலீசும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு யோகேஸ்வரியின் முகம் தெரியாது. அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். பெட்டிகளும் அட்டைப் பெட்டிகளும் இளநீர்க் குலைகளுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் நான் தேடினேன். வெளிர் நீலக் கமீஸைத் தேடியிருக்கிறேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. மூன்று வருடம் தினமும் பார்த்த பிள்ளையை யூனிஃபார்ம் இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அரக்குப் புடவையில், நெற்றி வகிட்டில் குங்குமத்தோடு, என்னிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்ட பிறகுதான் பக்கத்தில் நிற்பது அவள் என்று தெரிந்தது.

"அந்தப் பொண்ணுதான்" என்றேன்.

அத்தை சத்தம் போட்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது. யோகேஸ்வரி சத்தம் போடவில்லை. பெண் போலீஸ் தோளில் கை வைத்ததும் வரிசையிலிருந்து விலகி நடந்தாள். புடவை தடுக்கியது, ஒரு கையால் தூக்கிக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

போர்ட் பிளேரில் ஒரு பெண்கள் விடுதியில் அவளை வைத்து, வேறு பள்ளியில் படிக்கவைத்தார்கள். பிப்ரவரியில் அவள் அப்பா இறந்துபோனார். நான் போனேன், கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். விடுதி ஆள் ஒருவரோடு யோகேஸ்வரி வந்து இறங்கினாள். உடம்பில் புதுப் பள்ளியின் சீருடை, பச்சைக் கட்டம் போட்டது. துவைத்து வைத்திருந்தது அது ஒன்றுதானாம். அப்பாவின் காலடியில் அந்தச் சீருடையோடு உட்கார்ந்து அழுதாள். ஒரு மணி நேரம்தான் அனுமதி. மறுபடி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தாமதமாகச் சொன்னதற்காக எனக்கு மெமோ வந்தது. அது நியாயம். ஊரில் நடந்ததுதான் கஷ்டம். தமிழ்ச் சனத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேசினார்கள். ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் விஜயா பத்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். அவளும் யோகேஸ்வரியின் அம்மாவும் ஒரே கோவில் கமிட்டி. ஒரு நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எதிர் மேஜைக்குப் போனாள்.  மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள். நான் சாமான் அறையில், பந்து மூட்டைகளுக்கு நடுவில் சாப்பிடப் பழகினேன். இன்னொரு பக்கம், வேறு சில டீச்சர்கள் வந்து, "நல்ல காரியம் பண்ணினீங்க" என்று கை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொள்ளவும் எனக்கு முடியவில்லை. நாலு மாதம் நான் மறைத்து வைத்தது அவர்களுக்குத் தெரியாது.

ஹால்தார் சார் அந்த வருடம் ஓய்வு பெற்றார். என்னை டிக்லிபூருக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் ஒரு முழுப் பகல் பயணம். அங்கேயும் கேட்டில் நின்றேன். நெல் வயல்களுக்கு நடுவில் பள்ளி. பெரும்பாலும் வங்காளிப் பிள்ளைகள். மாலையில் என்னிடம் தமிழில் பேச யாரும் கிடையாது. நானே சமைக்கும்போது சத்தமாகப் பேசிக்கொள்வேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

யோகேஸ்வரியைப் பற்றி விடுதி வார்டன் மூலமாக அவ்வப்போது தெரிந்துகொள்வேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பதினெட்டு வயதானதும் அந்தக் கல்யாணம் செல்லாது என்று அவளே மனுக் கொடுத்து ரத்து வாங்கினாள். அத்தை குடும்பம் உறவை அறுத்துவிட்டது. அவள் அம்மா சின்ன மகளை அழைத்துக்கொண்டு, கோத்தகிரியில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இவள் போகவில்லை. தீவிலேயே தங்கினாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பத்து வருடம் ஆயிற்று.

போன சனிக்கிழமை சாத்தாம் ஜெட்டியில், மத்தியானம் இரண்டு மணிக்கு, எதிர்க்கரையில் இருக்கிற பேம்பூ ஃப்ளாட்டுக்குப் போகிற ஃபெரியில் ஏறினேன். ஸ்கூட்டர்களும் காய்கறிக் கூடைகளும் ஒரு லாரியும் ஏறின. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது பக்கத்தில், "மேம்" என்று குரல் கேட்டது.

ஜீன்ஸும் தொளதொளப்பான சட்டையும் போட்டிருந்தாள். முடியைக் கழுத்து வரை வெட்டியிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை எனக்கு முகம் தெரிந்தது.

"யோகேஸ்வரி" என்றேன்.

"ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை. பேம்பூ ஃப்ளாட்டில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை என்றாள். வாடகை அறை. அம்மா வருடத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவார்களாம்.

கப்பல் நகர்ந்தது.  நான்தான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு ஹாடோவுல நான் செஞ்சது..."

"அது சரிதான் மேம்" என்று உடனே சொன்னாள். "நானே பின்னாடி கோர்ட்டுக்குப் போயிக் கேட்டதுதான. அதுக்காக உங்க மேல கோவம் இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மாகிட்டப் பேசுனீங்க. பிரின்சிபால்கிட்டப் பேசுனீங்க. ஆபீசர்கிட்டப் பேசுனீங்க. என்கிட்ட நீங்க பேசுனது காலர் அழுக்கா இருக்குன்னு மட்டும்தான். நாலு மாசம் தெனமும் ஸ்கூல் கேட்டத் தாண்டும்போது நெனைப்பேன், இன்னைக்குக் கேப்பாங்கன்னு. கேட்டா அழுதுறக்கூடாதுன்னு உதட்டக் கடிச்சுக்கிட்டு வருவேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்ததே இல்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றேன்.

"தெரியலைங்க மேம். யாருமே கேக்காததால நானும் அதை யோசிக்கல. போகணும்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. அத்தை மகன் என்கிட்ட நல்லாத்தான் பேசும்."

 மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி ஒலித்தது. அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்கரை வந்துவிட்டது. ஸ்கூட்டர்கள் உறும ஆரம்பித்தன. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "நீங்க எறங்கலையா மேம்? எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பேம்பூ ஃப்ளாட்டில் உறவுக்காரர் இருக்கிறார் என்று மற்றவர்களிடம் சொல்வது வழக்கம்.

"எங்கேயும் இல்ல" என்றேன். "வாரத்துல ரெண்டு நாள் இப்படி ஏறி, இதே ஃபெரியில திரும்பிப் போவேன். வீட்டுல பேச்சுச் சத்தம் இல்ல. இங்க ஆளுங்க இருப்பாங்க."

 பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். நாலடி போய், சரிவில் நின்று, திரும்பினாள்.

"சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் மேம். பஜார் போயிட்டு இந்த ரெண்டு மணி ஃபெரியிலதான் திரும்புவேன்" என்றாள். வாங்க என்று சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போனாள்.

இதை எழுதி முடிக்கும்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. நாளைக்கு அவளிடம் என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.